துண்டு யார் கையிலிருந்து வருகிறது? மலையகப் பெண்களைச் சுகாதார ஆய்வில் சேர்க்க ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தசோகை எவ்வளவு என்று அறிய 300 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்து மேலாளரான துரையிடம் போவதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை கங்காணியிடம் சொல்வார், மறுநாள் காலை, வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் 300 பேரும் வரிசையாக நிற்பார்கள். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். ஆய்வு கெட்டுப்போவதும் அங்கேதான்.

அதற்குக் காரணங்கள் இரண்டு. பேர் போடுகிறவர் பக்கத்தில் நிற்கும்போது சொல்லப்படும் “சரிங்க” சம்மதம் ஆகாது. அடுத்து, தோட்டத்துப் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டும் மலையகப் பெண்கள் அல்ல. ஓய்வுபெற்ற பாட்டி, கொழும்பில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியவர், ஆடைத்தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வருபவர், கைக்காசுக்கு மட்டும் கொழுந்து எடுப்பவர், பக்கத்துக் கிராமத்தில் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர் என்று எத்தனையோ பேர் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தும் பதிவேட்டில் இல்லை. இவர்கள் எல்லோரையும் அறிந்த பட்டியல் ஒன்று உண்டு. அது எந்த ஆபீசிலும் இல்லை. சீட்டுப் பிடிக்கிற அக்காவின் தலைக்குள், பீலிக்கரையில் குடத்தோடு நிற்பவர்களின் பேச்சில், சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவர்களின் நினைவில் இருக்கிறது. அந்தப் பட்டியலின் வழியாக, ‘துண்டு’ என்னும் அழைப்பு அட்டையைப் பெண்களே ஒருவருக்கொருவர் கொடுத்து, ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

எடுத்துக்காட்டுக்கு இரத்தசோகை ஆய்வு. மார்பகப் புற்றுநோய், பூச்சிமருந்து பாதிப்பு, மனநலம் எதுவானாலும் படிகள் பெரிதும் இவையே.

முறை எங்கிருந்து வந்தது

ஒருவர் மூன்று பேரை அழைக்க, அந்த மூவர் ஒவ்வொருவரும் மேலும் மூவரை அழைக்கும் சங்கிலி முறையைக் கணக்குப் பிசகாமல் செய்யலாம் என்று காட்டியவர் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தோர்ன். அவருடைய கட்டுரை 1997இல் வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஊசிவழி போதைப்பொருள் பாவிப்பவர்களிடையே எச்ஐவி தடுப்பு வேலைக்காக உருவானது அந்த முறை. வெறுமனே “தெரிந்தவர்களைக் கூட்டிவாருங்கள்” என்பதிலிருந்து அது மூன்று விதத்தில் வேறுபட்டது. ஒருவர் அழைக்கக்கூடிய ஆட்களுக்கு உச்சவரம்பு உண்டு. யார் யாரை அழைத்தார் என்பது இலக்கத்தால் பதிவாகும். ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு, அதை வைத்துப் பிற்பாடு கணக்குச் சரிசெய்யப்படும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மிஞ்சுவது தெரிந்தவர் கூட்டம்தான், மாதிரி அல்ல.

ஊர் நம்பும் பெண்ணை வைத்து ஆள் சேர்ப்பது தானாகவே நல்ல காரியம் ஆகிவிடாது. அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நடந்த ஆய்வில் 600 கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தும், 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் கிடைத்த பிறகும், சிகிச்சை தரப்படவில்லை. அவர்களை அந்த ஆய்வில் இத்தனை காலம் தக்கவைத்தது யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினத் தாதியின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கை. உறவு வலையைப் பயன்படுத்த நினைக்கும் எவரும் முதல் நாளே படிக்க வேண்டிய கதை அது. அக்காவின் முகத்துக்காக வந்தவளிடம் அக்காவுக்கே தெரியாத ஒன்றைச் செய்தால், உடைவது ஆய்வு மட்டுமல்ல, அந்த இரண்டு பெண்களின் உறவும்தான்.

முன்வேலை: 4 முதல் 6 வாரம்

மலையகத்தில் தயக்கத்துக்குச் சரித்திரம் இருக்கிறது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. அது முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே படிவம், கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம் என்றாலே பெரியவர்கள் பின்வாங்குவதை அறியாமை என்று எழுதிவிட வேண்டாம். ஆய்வுக்கு அடையாள அட்டை இலக்கம் தேவையே இல்லை, கேட்காதீர்கள். இரண்டாவது தயக்கம் கருத்தடை. தோட்டப்புறத்தில் பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதல். அது எவ்வளவு தூரம் பெண்களின் விருப்பத்தோடு நடந்தது என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஊசியோடு வந்தால் “ஆப்பரேசனுக்கா?” என்ற கேள்வி எழுவது இயல்பு. உங்கள் ஆய்வு அதைப் பற்றியது அல்ல என்று நீங்களே முந்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அனுமதிகள் பல. பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழு முதலில். தகவல் தாளையும் சம்மதப் படிவத்தையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கேட்பார்கள். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி, தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோருக்கும் தெரிவிக்க வேண்டும். நிர்வாகத்திடம் கேட்பது நுழைவுக்கான அனுமதி மட்டுமே. ஆள் தேடித் தரும்படி கேட்கக்கூடாது, யார் வந்தார்கள் என்ற பட்டியல் அவர்களுக்குத் தரப்படாது என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் மறுப்பது கஷ்டம்.

இந்த வாரங்களில் செய்யும் உண்மையான வேலை, நடந்து திரிந்து கேட்பது. யார் யாரோடு சீட்டுப் போடுகிறார்கள்? மரணாதார சங்கத்தில் யார் பணம் சேர்க்கிறார்? மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் பெண் கொடுத்து எடுப்பது உண்டா? எந்த லயத்து ஆட்கள் எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறார்கள்? தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் எத்தனை? எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைந்து பாருங்கள். கோடே போகாத ஓர் இடம் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் அது சாதியால் பிரிந்த லயம். யாரும் அதை அந்தப் பெயரில் சொல்லமாட்டார்கள், “அவங்க அந்தப் பக்கம்” என்பார்கள். துண்டு தானாக அந்தப் பக்கம் போகாது. அங்கே தனியாக ஒரு தொடக்கம் வேண்டும்.

விதைப் பெண்கள்: 6 பேர், கையிருப்பில் 3 பேர்

சங்கிலியைத் தொடங்கிவைக்கும் முதல் பெண்களை ‘விதை’ என்பது வழக்கம். மாதர் சங்கத் தலைவியைப் பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பொதுவாக நடக்கும் பிழை. தலைவி தலைவிகளைத்தான் அழைத்து வருவார். நன்றாகப் பேசுகிறவர், கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவர் என்று அவர் வட்டமே ஒரு மாதிரி இருக்கும். இரத்தம் குறைந்தவள் அந்த வட்டத்தின் வெளியே, பீலிக்கரையில் கடைசியாகத் தண்ணீர் பிடிப்பவளாக இருக்கலாம்.

ஆறு விதைகளை இப்படிப் பிரியுங்கள்: மலையில் கொழுந்து எடுக்கும் இளந்தாய் ஒருவர், ஓய்வுபெற்றவர் ஒருவர், வெளியே வேலைக்குப் போகும் திருமணமாகாத பெண் ஒருவர், தேவாலயக் குடும்பத்தில் ஒருவர், கோடு போகாத அந்த லயத்தில் ஒருவர், தோட்டத்துக்கு வெளியே குடியேறிய குடும்பத்தில் ஒருவர். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு தகுதி பாருங்கள். அவர் பேச்சை நாலு பேர் கேட்பார்களா? எழுத்தறிவு தேவையில்லை. ஆறில் இரண்டு விதை முளைக்காது. அது தோல்வி இல்லை, கையிருப்பில் உள்ளவரை இரண்டாவது வாரம் இறக்கிவிடலாம்.

யாரை விதையாக்கக்கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். கங்காணியின் மனைவி கூடாது. சீட்டுத் தலைவியிடம் பாக்கி வைத்தவர்கள் அவர் அழைத்தால் மறுக்க முடியாது, ஆகவே அவரும் கூடாது. இடம் காட்டவும் ஆட்களைப் புரிந்துகொள்ளவும் அவரிடம் கேளுங்கள், துண்டை மட்டும் கொடுக்காதீர்கள். பலரும் சண்டை பிடிப்பது மிட்வைப் மிஸ் (குடும்பநல மருத்துவமாது) விஷயத்தில்தான். ஊரில் அவரைவிடக் கூடுதலாகக் கர்ப்பிணிகளை அறிந்தவர் இல்லை என்பது உண்மை. ஆனால் திரிபோஷா என்ற சத்துமாவும் கிளினிக் அட்டையும் அவர் கையில்தான் இருக்கின்றன. வராவிட்டால் மா கிடைக்காமல் போகுமோ என்ற பயம் ஒரு சொல்லும் பேசாமலே வேலை செய்யும். அவருக்கு ஆய்வு முழுதும் தெரிந்திருக்கட்டும், சந்தேகம் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லட்டும். ஆள் சேர்க்க வேண்டாம். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்யும் பெண் அவரளவுக்கு அதிகாரம் இல்லாதவர், நல்ல விதையாகலாம். அவருடைய வட்டம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரோடு நின்றுவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எத்தனை பேர், எத்தனை சுற்று

பாதிப் பேருக்கு இரத்தசோகை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, கூடக்குறைய 10 சதவீதப் புள்ளிப் பிழைக்குள் அளக்க வேண்டுமானால், குலுக்கல் முறை மாதிரிக்கு 96 பேர் போதும். சங்கிலி முறையில் தோழிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் அதை இரண்டால் பெருக்குவது குறைந்தபட்சம் (192). மூன்றால் பெருக்குவது (288) பாதுகாப்பு. இரண்டு மலை கடந்து போகும் வலை என்றால் மூன்றையே எடுங்கள்.

ஒருவருக்கு 3 துண்டு. மூன்றில் ஒன்று மட்டும் திரும்பி வந்தால் சங்கிலி செத்தும் சாகாமலும் கிடக்கும். பாதி திரும்பினால், அதாவது ஒருவர் சராசரியாக 1.5 பேரைக் கொண்டுவந்தால், 6 விதையிலிருந்து 6, 9, 14, 20, 30, 46, 68 என்று போய், விதைகளுக்கு அடுத்து வருவதை முதல் சுற்றாக எண்ணினால், ஆறாவது சுற்றில் மொத்தம் 193 ஆகும். ஏழாவது சுற்றில் மட்டும் இன்னும் 102 பேர் வருவார்கள், மொத்தம் 295.

அந்த ஏழாவது சுற்று ஆளைக் கொல்லும். கணக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு 45 நிமிடம், நேர்காண்பவர்கள் இருவர். வேலை விட்டுக் கொழுந்து நிறுத்து, முகம் கழுவி வர மாலை 4.45 ஆகும். இருட்டுவதற்குள், 6.15க்கு, ஒருவர் இரண்டு பேரைத்தான் முடிக்க முடியும். வாரத்தில் ஆறு மாலை, மாலைக்கு 4 பேர் வீதம் 24. ஞாயிற்றுக்கிழமை முழுநாளில் 16. ஆக வாரத்துக்கு 40, துண்டு செல்லுபடியாகும் இரண்டு வாரத்துக்கு 80. வரப்போவதோ 102. துண்டோடு வந்து காத்திருந்து திரும்பிப் போன பெண் இன்னொருமுறை வரமாட்டாள், “போனா பார்க்கமாட்டாங்க” என்று மற்றவர்களுக்கும் சொல்வாள். ஆகவே ஐந்தாவது சுற்றிலிருந்தே துண்டை இரண்டாகக் குறையுங்கள். ஓரிரு வாரம் தாமதமாகும், ஆகட்டும்.

துண்டு எப்படி இருக்க வேண்டும்

கூப்பன் என்று ஆய்வறிக்கையில் எழுதுங்கள். லயத்தில் அது துண்டுதான். டிஸ்பென்சரித் துண்டு, கொழுந்துத் துண்டு என்று நாளாந்தம் புழங்கும் சொல். (அதே சொல்லுக்கு ஒரு கறுத்த வரலாறும் உண்டு. தொழிலாளியின் கடனை எழுதி, அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாத ‘துண்டு முறை’ 1921இல்தான் ஒழிந்தது. கடனைப் போல மாறிவிடக்கூடிய எதையும் இந்தத் தாளில் எழுதாமல் இருக்க அது ஒரு நினைவூட்டல்.)

கையகல அட்டை, மார்புச் சட்டைக்குள்ளோ கொழுந்துக் கூடையின் ஓரத்திலோ வைத்தாலும் கிழியாத தடிப்பு. மழையில் நனையும், ஆகவே மை கரையாத அச்சு. மேலே நோயின் பெயர் வேண்டாம், “பெண்கள் சுகாதார ஆய்வு” போதும். இடம், நாட்கள், நேரம், மிஸ்ட்கோல் கொடுத்தால் திருப்பி அழைக்கும் தொலைபேசி இலக்கம், “வருவதும் வராததும் உங்கள் விருப்பம்” என்ற வரி. பெயர் எழுத இடம் வைக்காதீர்கள். செல்லுபடியாகும் காலம் 14 நாள். தொடங்கும் திகதி கொடுத்த நாளுக்கு அடுத்த நாளாக இருந்தால், வாசலிலேயே நின்று மூன்று துண்டையும் யாரோ மூவரிடம் திணிப்பது குறையும்.

இலக்கமிடுவதுதான் உயிர். மூன்றாவது விதையின் இலக்கம் 3 என்றால் அவர் தரும் துண்டுகள் 31, 32, 33. அந்த 32ஐக் கொண்டுவந்தவருக்குக் கொடுப்பவை 321, 322, 323. 3213 என்று ஒரு துண்டு வந்தால் அதன் முழு வம்சமும் தாளைப் புரட்டாமலே தெரியும். இலக்கத்தைக் கையால் எழுதி, அட்டையின் விளிம்பில் பாதியும் அடிக்கட்டையில் பாதியும் படும்படி முத்திரை குத்துங்கள். ஏனென்றால் யாராவது துண்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், ஒரே இலக்கத்தோடு பதினைந்து பேர் வருவார்கள். படம் செல்லாது, மூல அட்டை மட்டும்தான் என்பதைத் துண்டிலேயே எழுதிவையுங்கள்.

வாட்ஸ்அப்பை நம்பி ஆள் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது கணவரிடமோ ஏ.எல். படிக்கும் மகனிடமோ இருக்கும். ‘பெண்கள் குழு’வில் அனுப்பும் செய்தியை முதலில் படிப்பவர் பெண் அல்ல. நினைவூட்டவும் மழைக்கு இடம் மாறினால் சொல்லவும் அது போதும், அழைப்புக்கு வேண்டாம்.

இடமும் நேரமும்

தோட்ட ஆபீஸ், டிஸ்பென்சரி, துரை பங்களாவின் பார்வை படும் இடம் எதுவும் கூடாது. கோயில் மண்டபம் என்றால் தேவாலயக் குடும்பங்களும், ‘அந்தப் பக்கம்’ என்று சொல்லப்படுபவர்களும் தயங்குவார்கள். தேவாலய முன்பள்ளி என்றால் மறுபக்கம் தயங்கும். இரண்டையும் மாறிமாறி வைத்துக்கொள்ளலாம், அல்லது பஸ் நிற்கும் டவுனில் ஒரு வாடகை அறை பிடிக்கலாம். டவுன் அறைக்குக் கூடுதல் நன்மை உண்டு, சாமான் வாங்க வருபவள் யார் கண்ணிலும் படாமல் வரலாம். சம்பளம் கொடுக்கும் நாளை ஒட்டிய ஞாயிறு கூட்டம் நிரம்பும், நேர்காண்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிவையுங்கள். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களையும் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களையும் தவிருங்கள்.

வேலை நேரத்தில் கூப்பிடவே கூடாது. நடுவில் போனால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். வருபவருக்கு நீங்கள் கொடுக்கும் நன்கொடை அதை ஈடு செய்தாலும், கங்காணிக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும்போதே இரகசியம் போய்விடுகிறது.

வாசலில் வந்ததும்: ஐந்து வேலை

முதல் வேலை, துண்டைப் பார்த்துத் தகுதி கேட்பது. தகுதி எளிதாக இருக்கட்டும்: 18 வயதுக்கு மேல், மலையகத் தமிழ்ப் பெண், இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வசிப்பவர். நோயைத் தகுதியாக வைத்தால், திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது துண்டு கொடுத்தவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, “இந்தத் துண்டு யாருங்க குடுத்தாங்க? அவங்க உங்களுக்கு என்ன வேணும்?” பெயர் வேண்டாம், உறவு போதும். நாத்தனார், பக்கத்துக் காம்பரா, ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர். “தெரியாத ஆள், பஸ்ஸில குடுத்தாங்க” என்ற பதில் ஒன்றுக்கு மேல் வந்தால் துண்டு விலைக்குப் போகிறது என்று அர்த்தம். நன்கொடை அளவுக்கு மீறிவிட்டது.

மூன்றாவது சம்மதம். இதில் அவசரப்படுபவர்கள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். படிவத்தில் “குருதிச்சோகை”, “நாளக் குருதி மாதிரி”, “தன்னார்வப் பங்கேற்பாளர்” என்றிருக்கும். நெறிமுறைக் குழு அதைத்தான் ஏற்கும். வாசித்துக் காட்டுபவர் அதற்கு இணையான பேச்சை ஒரே மாதிரி எல்லோருக்கும் சொல்லப் பயின்றிருக்க வேண்டும். “உடம்புல ரத்தம் போதுமா, கம்மியா என்று பார்க்கிறது. கையில ஊசி போட்டு இவ்வளவு எடுப்போம்.” ‘இவ்வளவு’ என்று சொல்லும்போது காலிக் குழாயைக் கையில் கொடுங்கள். 3 மில்லிலீட்டர் என்பது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றே கூட. அவள் முன்னாலேயே தேயிலைச் சாயத்தை ஒரு கரண்டியில் அளந்து குழாயில் ஊற்றிக் காட்டினால், “போத்தல் போத்தலா எடுத்து விக்கிறாங்க” என்ற கதை பாதி செத்துவிடும். மீதிப் பாதிக்கு, மிஞ்சிய இரத்தம் என்ன ஆகும், எந்த நாளில் அழிக்கப்படும் என்று சொல்லுங்கள்.

சொல்லி முடித்ததும் “விளங்கிச்சா?” என்று கேட்காதீர்கள். “விளங்கிச்சு” என்றுதான் பதில் வரும். “வீட்டுக்குப் போய் உங்க நாத்தனா கேட்டா இதை எப்படிங்க சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன எடுப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் எதுவும் குறையாது. ஒன்று விடுபட்டால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு ஒரு சாட்சி வேண்டும். அது அவரோடு வந்தவராக இருக்கலாம், ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராகவோ தோட்ட உத்தியோகத்தராகவோ இருக்கக்கூடாது. கணவரின் சம்மதம் நிபந்தனை அல்ல. “அவர்ட்ட கேட்டுட்டு வாறேன்” என்றால் போகவிடுங்கள். துண்டின் திகதியை நீட்டிக் கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

நான்காவது, எத்தனை பேரைத் தெரியும். கேட்க எளிது, பதில் நாசம். “எத்தன பேரங்க தெரியும்?” என்றால் “தோட்டத்துல எல்லாரையும் தெரியும்” என்பார். பதில்கள் 50, 100, 200 என்று உருண்டையாக விழும். ஆகவே படியாகச் சுருக்குங்கள். இந்தப் பிரதேசத்தில் உள்ள 18 வயதுக்கு மேற்பட்ட மலையகப் பெண்களில், நீங்கள் பெயர் சொல்லக்கூடியவர், உங்கள் பெயரும் அவருக்குத் தெரிந்தவர். அவர்களில் போன இரண்டு வாரத்தில் நேரில் பேசியது எத்தனை பேரோடு? அவர் தடுமாறினால் லயம் லயமாகக் கேட்டு விரலில் எண்ண விடுங்கள். ஐந்து நிமிடம் போகும். அது வீணல்ல. கடைசிக் கணக்கில் ஒவ்வொருவரின் எடையும் இந்த எண்ணின் தலைகீழ்தான். 5 பேரை அறிந்தவருக்கு 50 பேரை அறிந்தவரைப் போலப் பத்து மடங்கு எடை. பலரையும் அறிந்தவருக்குத் துண்டு கிடைக்கும் வாய்ப்பு எப்போதும் கூட, அதைச் சமன் செய்யவே இது.

ஐந்தாவது, அளவீடு. சங்கிலி மலைவிட்டு மலை தாவும் என்பதால் ஒவ்வொருவரும் வசிக்கும் இடத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக்கூட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும், உயரத்துக்கு ஏற்பக் கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். அளந்த இடத்தின் உயரத்தை எல்லோருக்கும் போடுவது தவறு.

கொடுப்பது எவ்வளவு

நன்கொடை இரண்டு வகை: தன் நேரத்துக்கு ஒன்று, கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. முதலாவதை அரை நாள் சம்பளத்துக்கு நிகராக வைத்து, இரண்டாவதை அதில் ஐந்தில் ஒரு பங்காக, உச்சம் மூன்று பேருக்கு என்று வையுங்கள். இரண்டாவது பெரிதானால் துண்டு விற்பனைப் பொருளாகும், மாமியார் மருமகளை இழுத்துவருவார். காசா பொருளா என்பதில் ஆய்வாளர்களிடையே முடிவில்லாத வாதம். காசாகவே, அவள் கையில், தனியறையில் கொடுங்கள் என்பதே எங்கள் பக்கம். சவர்க்காரமும் மாப்பெட்டியும் கையில் தூக்கிப்போனால் லயம் முழுவதும் தெரியும். போன் ரீலோட் அவளுடைய போனுக்குப் போகாது. காசை என்ன செய்வது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

நடுவில் சங்கிலி சிக்கும்போது

வாரம் ஒருமுறை சங்கிலியை மரம்போல வரைந்து பாருங்கள். ஒரே விதையின் கிளையில் மொத்தத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டால் அந்தக் கிளைக்குத் துண்டைக் குறையுங்கள். ஒரு லயத்துப் பெண்கள் அந்த லயத்துப் பெண்களையே அழைக்கிறார்கள், நாலு சுற்றாகியும் வெளியே போகவில்லை என்றால், அங்கே சுவர் இருக்கிறது. துண்டை அதிகமாக்கினால் சுவர் உடையாது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் புதிய விதை ஒன்று வேண்டும்.

திடீரென்று ஒரு வாரம் ஒருவருமே வராவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒரு வதந்தி. யாரோ மயங்கி விழுந்திருப்பார், அல்லது யாருக்கோ முடிவு சொல்லப்பட்ட விதம் பிடித்திருக்காது. ஒலிபெருக்கியில் மறுப்புச் சொல்வது வதந்திக்கு எண்ணெய். ஏற்கெனவே வந்துபோன மூன்று நாலு பேரிடம் என்ன பேச்சு ஓடுகிறது என்று கேட்டு, குறை நம்முடையதானால் அவர்களிடமே ஒத்துக்கொண்டு திருத்துங்கள். அவர்கள் வாயாலேயே அது பரவும்.

முடிவைக் கொடுப்பது, தரவைக் காப்பது

முடிவு அவரவர் கையில் மட்டும், மூடிய உறையில், வாய்மொழி விளக்கத்தோடு. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இரத்தசோகை, 8க்குக் கீழ் கடுமையானது. 8க்குக் கீழ் என்றால் அன்றே வைத்தியசாலைக்கு வழியும் பஸ் காசும் தயாராக இருக்க வேண்டும். வைத்தியசாலைக்கு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக விடுவது ஆய்வு செய்பவரின் குற்றம். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் (பெண்களுக்கான நோய் முன்னறிவுப் பரிசோதனை) நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு தேயிலைச் சாயம் குடித்தால் சோற்றில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதும் சொல்ல வேண்டியதுதான். தேயிலை மலையில் நின்றுகொண்டு அதைச் சொல்லச் சற்றுத் தைரியம் வேண்டும்.

துண்டு இலக்கப் புத்தகமும் சம்மதப் படிவமும் வேறுவேறு அலமாரியில், வேறுவேறு ஆட்களிடம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைத் தனி வகையாகப் பார்க்கிறது. சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து சின்ன ஊர். “கீழ்ப்பிரிவைச் சேர்ந்த 43 வயது முன்பள்ளி ஆசிரியை” என்று அறிக்கையில் எழுதினால் பெயர் எழுதியது போலத்தான். தோட்டத்தின் பெயரையும் எழுதாதீர்கள், மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.

எண் நிறைந்த பிறகும் வரும் துண்டுகள்

288 ஆனதும் கதவைச் சாத்த முடியாது. அந்த நாளில் வெளியே இன்னும் 60, 70 துண்டு பெண்களின் கையில் இருக்கும். 250ஐத் தாண்டியதும் புதிய துண்டு கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு “இனித் துண்டு இல்லை, ஆனால் நீங்கள் கொடுத்தவற்றுக்கு உரிய பணம் உண்டு” என்று சொல்லிவிட வேண்டும். கடைசித் துண்டின் 14ஆவது நாள் வரை அறை திறந்திருக்க வேண்டும், அதற்கான வாடகையும் பரிசோதனைக் குழாய்களும் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் ஒருத்தி மழையில் நனைந்த துண்டோடு, “பிள்ளைக்குக் காய்ச்சல் மிஸ், அதான் வர முடியல” என்று வந்து நிற்பாள். அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரத்தம் மட்டும் பார்த்து, முடிவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.